கயிற்றில் நான்கு இழுப்பு

ஜூலை 1, செவ்வாய்

சுற்றறிக்கை வந்துவிட்டது. தண்ணீருக்குள் இறங்கும் தீயணைப்பு வீரர்கள் எல்லாரும் ஆகஸ்ட் பத்தாம் தேதிக்குள் ஒரு தனியார் ஸ்கூபா பள்ளியில் சேர்ந்து ‘மீட்பு டைவர்’ கார்டு வாங்கிவிட வேண்டுமாம். வாங்காதவனை டைவர் வேலையிலிருந்து எடுத்துவிட்டு டெலிபோன் அறையில் உட்கார வைத்துவிடுவார்களாம். இன்சூரன்ஸ் கேட்கிறதாம்.

நல்ல கூத்து. பதினோரு வருடமாக இந்தத் தாலுகாவில் எந்தக் கிணற்றில், எந்தக் கல்குவாரியில் யார் விழுந்தாலும் ‘குணாளனைக் கூப்பிடு’ என்பதுதான் பேச்சு. நூற்றுப் பதினேழு உடல் எடுத்திருக்கிறேன். எனக்குக் கார்டு வேண்டுமாம்.

நிலைய அலுவலரிடம் சொல்லிப் பார்த்தேன். “யோவ் குணா, உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா? ஆனா பேப்பர் வேணும்ல? போய்ட்டு வாய்யா, புதுச்சேரி என்னா அமெரிக்காவா?” என்றார்.

டெலிபோன் அறையில் என்னால் ஒரு நாள் உட்கார முடியாது. செத்துப்போவேன். போய்த்தான் ஆக வேண்டும். தினமும் நடந்ததை எழுதி வையுங்கள், படிப்பதற்கு உதவும் என்று பள்ளியிலிருந்து போனில் சொன்னார்கள். அதற்குத்தான் இந்த நோட்டு.

ஜூலை 5, சனி

முதல் வகுப்பு. சொல்லிக்கொடுப்பவள் பெயர் எவாஞ்சலின். இருபத்தேழு வயது. என்னை ‘அண்ணா’ என்கிறாள். எனக்கு ஜோடியாகப் போட்டிருப்பது தில்லைநாயகி என்ற அம்மாவை. ஐம்பத்தொன்பது வயது, டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே எல்லாம் ஜோடி ஜோடியாகத்தான் இறங்க வேண்டும். வீட்டில் சொன்னபோது என் பெண்டாட்டி வேணி, “இந்த வயசுல உனக்கு ஜோடி கேக்குதா?” என்று சிரித்துக்கொண்டே இருந்தாள்.

இன்று சொல்லிக்கொடுத்த முதல் பாடத்தை எழுதி வைக்கிறேன். யாருக்கு எப்போது பயம் வந்தாலும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு மேலே போய்விடலாம். காரணமே கேட்கமாட்டார்களாம். காரணமே!

பதினோரு வருடத்துக்கு முன்னால் என்னைப் பத்து வாரம் ஒரு படை முகாமில் டைவிங் பயிற்சிக்கு அனுப்பினார்கள். உடல் எடுக்கும் பயிற்சி. அங்கே மாஸ்க் கண்ணாடி மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுவார்கள். குளத்தின் அடியில் நாம் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஒருத்தன் பின்னால் வந்து மூச்சுக் குழாயைப் பிடுங்குவான், இன்னொருத்தன் காலைப் பிடித்துத் தலைகீழாகத் திருப்புவான். முடிச்சை விட்டால் அன்றைக்குச் சோறு கிடையாது. மேலே வந்தால் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போகலாம். பதினெட்டுப் பேரில் ஐந்து பேர் தேறினோம். கட்டை விரலாம், மண்ணாங்கட்டியாம்.

ஜூலை 6, ஞாயிறு

நீச்சல் குளத்தில் மாஸ்க்கைக் கழற்றி மாட்டும் பயிற்சி. மற்றவர்கள் மூக்கில் தண்ணீர் ஏறி இருமிக்கொண்டிருந்தார்கள். நான் நாலு நொடியில் முடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டே சிலிண்டரையும் கழற்றி மாட்டிக் காட்டினேன். கை தட்டுவார்கள் என்று நினைத்தேன் என்பதை மறைப்பானேன்.

எவா மேலே வந்ததும், “சூப்பரா பண்றீங்கண்ணா. ஆனா உங்களுக்குப் பின்னாடி ஆன்ட்டி அர நிமிஷமா ‘எனக்குக் காத்து இல்ல’ன்னு சைகை காட்டிக்கிட்டு இருந்தாங்க. ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கலையே?” என்றாள்.

பயிற்சிக்காகத்தான் காட்டினார்களாம். தில்லைநாயகி அம்மாள், “தம்பி, நான் செத்துப்போய்ட்டேன். பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு வந்துடுங்க” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கிணற்றில் எவன் திரும்பிப் பார்ப்பான்? திரும்பினால்தான் என்ன தெரியும்?

ஜூலை 8, செவ்வாய்

டியூட்டி. பம்புசெட்டுக் கிணறு, அறுபது அடி. குடும்பச் சண்டையில் குதித்த ஆள், நேற்று ராத்திரியே குதித்தவன். நூற்றுப் பதினெட்டு.

கிணற்றுக்குள் இருட்டு. நான் கண்ணை மூடிக்கொண்டுதான் வேலை பார்ப்பேன். திறந்திருந்தால் பார்க்க ஏதாவது இருக்கும் என்று மனசு தேடும், கை தடுமாறும். தரையைக் கையால் வரிசையாகத் தடவிக்கொண்டே போக வேண்டும். கிடைத்ததும் அக்குளுக்குக் கீழே கயிற்றைச் சுற்றி முடிச்சு, பிறகு மேலே போகும் கயிற்றில் நான்கு இழுப்பு. நான்கு இழுப்பு என்றால் ‘கிடைத்துவிட்டது, தூக்கு’. மேலே கயிறு பிடிப்பவன் கோதண்டம். பத்து வருடமாக அவன்தான். நாலாவது இழுப்பு கைக்கு எட்டியதுமே அவன் பக்கத்தில் நிற்பவனிடம் ‘துணி’ என்பான். உடல் கரைக்கு வரும்போது வேட்டி விரித்துத் தயாராக இருக்கும். வந்ததும் மூடிவிடுவோம். பெற்றவர்களும் கட்டியவர்களும் அந்த முகத்தைப் பார்க்கக் கூடாது. இது எங்கள் நிலையத்தில் நாங்களாக வைத்துக்கொண்ட பழக்கம். மற்ற ஊர்களில் இந்த மரியாதை கிடையாது.

ஜூலை 12, சனி

படகில் போகும்போது தில்லைநாயகி அம்மாள் பேச்சை நிறுத்தவே இல்லை. முப்பத்தைந்து வருடம் ‘நம்பர் ப்ளீஸ்’ தவிர வேறு பேசாததற்கு இப்போது வட்டியும் முதலுமாகப் பேசுகிறார்.

“தம்பி, இத்தினி பேர எடுத்துருக்கீங்க. யாரையாவது உசுரோட எடுத்துருக்கீங்களா?”

“நாங்க போறதுக்குள்ள முடிஞ்சிருக்கும்மா. போன் வந்து, வண்டி கெளம்பி, அங்க போய்ச் சேரவே அரமணி நேரம் ஆயிடும்.”

“ஒருத்தர்கூடவா இல்ல?”

போன செப்டம்பரில் பிள்ளையார் கரைப்பின்போது குவாரியில் நாங்கள் பாதுகாப்புக்கு நின்றிருந்தோம். தேன்மொழி என்று ஒரு பெண், இருபது வயது, பாறையிலிருந்து வழுக்கி விழுந்தாள். அன்றைக்கு மட்டும் நாங்கள் முன்னாலேயே கரையில் இருந்தோம். ஆனாலும் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆகிவிட்டது. இருபது நிமிடத்துக்கு மேல் யார் என்ன செய்ய முடியும்? இதை அந்த அம்மாளிடம் சொல்லவில்லை. இங்கே ஏன் எழுதுகிறேன் என்றும் தெரியவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

கடல் இன்று தெளிவாக இருந்தது. பத்து மீட்டரிலும் எல்லாம் தெரிந்தது. மற்றவர்கள் மீனைப் பார்த்துக் குதூகலித்தார்கள். எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த தில்லைநாயகி அம்மாளின் ரப்பர் பேண்ட் கழன்று முடி முழுக்கத் தண்ணீரில் விரிந்துவிட்டது. அவர் என் பக்கம் திரும்பினார். கண் திறந்திருந்தது. சிரித்துக்கொண்டு கையை ஆட்டினார்.

நான் மேலே வந்துவிட்டேன். படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். காலையில் பஸ் ஸ்டாண்டில் தின்ற பூரி. அந்தக் கடை எண்ணெய் எப்போதுமே சரியில்லை.

எவா காரணம் கேட்கவில்லை. கேட்க மாட்டோம் என்றுதான் சொன்னார்களே. ஆனால் கேட்டிருந்தால் பூரி என்று சொல்லித் தொலைத்திருப்பேன்.

ஜூலை 20, ஞாயிறு

இரண்டு நிலை தேறியாகிவிட்டது. இன்று மூன்றாவது, மீட்புப் பாடம். கார்டு இதில்தான் இருக்கிறது.

பயிற்சி இதுதான்: ஆறு மீட்டரில் ஒருவர் மயங்கிக் கிடப்பதுபோல் நடிப்பார். நாம் தேடிக் கண்டுபிடித்து மேலே கொண்டுவர வேண்டும். என் முறை வந்தபோது நடித்தவர் தில்லைநாயகி அம்மாள். எவா ஓரமாக மிதந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்டுபிடித்துவிட்டேன். மணலில் குப்புறக் கிடந்தார், முடி விரிந்திருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு என் கை தானாகச் செய்ததை அப்படியே எழுதுகிறேன். பக்கத்தில் படகுக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து இழுத்தேன். முடிச்சுக்கு இடைஞ்சலாகக் கழுத்தருகே ஒரு குழாய் இருந்தது, அதைப் பிடுங்கி ஒதுக்கினேன். அக்குளுக்குக் கீழே சுற்றி முடிச்சுப் போட்டேன். எட்டு நொடி ஆகியிருக்கும். கயிற்றை நான்கு தடவை இழுத்தேன்.

அது அவருடைய மூச்சுக் குழாய். வாயிலிருந்து பிடுங்கிவிட்டேன்.

அந்த அம்மாள் என்னை உதைத்துத் தள்ளினார். எவா பாய்ந்து வந்து தன்னுடைய உபரிக் குழாயை அவர் வாயில் வைத்தாள். மேலே வந்து படகில் ஏறியதும் அவருக்கு இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. அப்படியும் சிரித்தார். “யப்பா சாமி, என்ன நெசமாலுமே பொணம்னு நெனச்சிட்டீங்களா தம்பி?” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டார்.

எவா மட்டும் ஒன்று கேட்டாள். “அண்ணா, அவங்க மூச்சு விடுறாங்களான்னு ஏன் பாக்கல?”

ஃபெயில் போட்டுவிட்டாள். அடுத்த ஞாயிறு மறுபடியும் வர வேண்டும்.

ஜூலை 21, திங்கள்

டியூட்டி. மழை. எதுவும் இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

தூக்கம் வராமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குவாரியில் இருபது நிமிடம் இருக்காது. பதினைந்து இருக்கும். இருபது என்று ரிப்போர்ட் எழுதியவன் கோதண்டம்தான். நான் கையெழுத்து மட்டும் போட்டேன்.

பதினைந்தும் அதிகம்தான். அந்தப் பெண்ணைத் தொட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த வேலையில் இருப்பவனுக்குத் தொட்டால் தெரியும்.

வேணி, “இன்னாத்துக்கு ராத்திரி பூரா பொரண்டுக்கினே இருக்க? உன் ஜோடி கனவுல வருதா?” என்றாள். எரிந்து விழுந்துவிட்டேன். பாவம், விளையாட்டாகத்தான் கேட்டாள்.

ஜூலை 26, சனி

இன்று தண்ணீர் இல்லை. தரையில் ஒரு ரப்பர் பொம்மையைப் போட்டு நெஞ்சை அழுத்தும் பயிற்சி. முப்பது தடவை அழுத்து, இரண்டு தடவை வாயில் ஊது, மறுபடி முப்பது. இது எங்கள் துறையிலும் வருடா வருடம் சொல்லிக் கொடுப்பதுதான். நானும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். நமக்கு வருவதெல்லாம் பிணம், நமக்கெதற்கு இது என்று நான்தான் சொல்வேன். கேட்டு மற்றவர்கள் சிரிப்பார்கள்.

எவா சொன்னாள்: “நாம டாக்டர் இல்ல. ஒருத்தர் செத்துட்டார்னு சொல்ற உரிமை நமக்குக் கிடையாது. தொட்டுப் பாத்தா தெரியும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆம்புலன்ஸ் வர வரைக்கும் அழுத்திக்கிட்டே இருங்க, கை ஒடிஞ்சாலும் சரி.”

அவள் பொதுவாகத்தான் சொன்னாள். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை.

“தண்ணிக்குள்ள எத்தினி நிமிஷம் இருந்தா பொழைக்க முடியும்?” என்று கேட்டேன்.

“அப்படிச் சரியா ஒரு கணக்கு இல்லண்ணா. சீக்கிரம் எடுத்தா வாய்ப்பு அதிகம். அஞ்சு, ஆறு, சில பேர் பத்துகூட.”

“பதினஞ்சு?”

“ரொம்பக் கஷ்டம்.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டேன். சாப்பாட்டின்போதும் கேட்டேனாம். தில்லைநாயகி அம்மாள் என் இலையில் அப்பளத்தை வைத்துவிட்டு, “தம்பி, இதையே மூணு வாட்டி கேட்டுட்டீங்க. யாரு அது?” என்றார்.

“யாரும் இல்லம்மா” என்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

தேறிவிட்டேன். நடித்தவர் மறுபடியும் அதே அம்மாள். வேறு ஆளைப் போடுகிறேன் என்று எவா சொன்னாளாம், அவர் கேட்கவில்லை. “அந்த ஆளு என்ன உசுரோட தூக்கினு வரணும், நானும் பாக்கறேன்” என்றாராம்.

கண்ணைத் திறந்துகொண்டே போனேன். முகத்தைப் பார்த்தேன். குழாயை அவர் வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக மேலே கொண்டுவந்தேன். மேலே வந்ததும் அவர் என் கன்னத்தில் செல்லமாக ஒரு தட்டு தட்டினார். எனக்கு அழுகை வந்தது. கடல் தண்ணீரில் யாருக்குத் தெரியப்போகிறது.

வேணி கேசரி கிண்டியிருந்தாள். கார்டு மெயிலில் வந்துவிட்டது. டெலிபோன் அறை இல்லை. சந்தோஷமாக இருக்க வேண்டும்.

ஜூலை 30, புதன்

கோதண்டத்தைத் தனியாகக் கூப்பிட்டு, குவாரி ரிப்போர்ட்டில் ஏன் இருபது என்று எழுதினாய் என்று கேட்டேன்.

அவன் தலையைச் சொறிந்தான். “அதப் போயி இப்ப இன்னாத்துக்குண்ணே? அந்தப் பொண்ணோட அப்பாரு அப்படிக் கதறினாரு. ரொம்ப நேரம் ஆயிட்ச்சி, ஒண்ணும் பண்றதுக்கு இல்லன்னு சொன்னாதான அவுரு மனசு ஆறும்? நீதான அவுரு கையப் புடிச்சிக்கினு இருபது நிமிஷம்னு மொதல்ல சொன்ன. நீ சொன்னததான் நான் எழுதினேன்.”

நானா சொன்னேன்?

ஆமாம். நான்தான்.

தண்ணீரில் இறங்கும்போது எத்தனை நிமிடம் ஓடியது என்று காட்டும் வாட்ச் வளையத்தைத் திருப்பி வைத்துக்கொள்வது படை முகாமில் கற்ற பழக்கம். அன்றைக்கும் திருப்பினேன். மேலே வந்ததும் பார்த்தேன். என்ன காட்டியது என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று எழுத்து கோணலாகத்தான் வரும்.

நாளை ஆடித் தெப்பம். இன்று மாலை கோயில் குளத்தில் தெப்பத்தை வெள்ளோட்டம் விட்டார்கள். இரும்பு டிரம்களின் மேல் மூங்கில் கட்டிய தெப்பம். நானும் கோதண்டமும் படிக்கட்டில் பாதுகாப்புக்கு நின்றோம். தண்ணீர் பதினெட்டு அடி, ஒரே பாசி. நாலரை மணி இருக்கும். சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்த நசீர் என்ற பையன் (பையன் என்ன, முப்பது வயது ஆள், ஒரு குழந்தைக்கு அப்பன்) கால் தவறித் தெப்பத்துக்கும் படிக்கும் நடுவில் விழுந்தான். தெப்பம் அப்படியே அவன்மேல் நகர்ந்தது. அவன் வெளியே வரவே இல்லை.

நல்ல வேளை, பல்புக்கு இன்னும் கரண்ட் கொடுக்கவில்லை. குதித்துத் தேடிய இரண்டு பேர் வெறுங்கையோடு வந்தார்கள். நான் சிலிண்டரை மாட்டி, வளையத்தைத் திருப்பிவிட்டு இறங்குவதற்குள் ஒன்றரை நிமிடம் ஓடிவிட்டது. அதையும் சேர்த்துத்தான் திருப்பினேன்.

உள்ளே ஒன்றும் தெரியவில்லை. தரையில் இல்லை. இரண்டாவது முறையும் இல்லை. விழுந்தவன் அடிக்குத்தான் போவான் என்பது பழகிய புத்தி. பிறகுதான் மேலே தடவினேன். தெப்பத்தின் அடியில், இரண்டு டிரம்களுக்கு நடுவே, ஒரு செருப்புக் கால். சட்டை கட்டுக்கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தது. கத்தியால் கிழித்தேன். ஆள் தொளதொளவென்று என் மேல் விழுந்தான்.

சத்தியமாகச் சொல்கிறேன், தொட்டதும் என் மனசு ‘முடிந்தது’ என்றது. தேன்மொழியைத் தொட்டபோது சொன்னதே, அதே மாதிரி. என் வலது கை கயிற்றைத் தேடிப் போய்விட்டது. முடிச்சின் முதல் சுற்றைப் போட்டும்விட்டேன்.

கயிற்றை விட்டேன். அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தேன். தண்ணீரிலேயே மூக்கைப் பொத்தி இரண்டு ஊது. படிக்கு இழுத்து வருவதற்குள் இன்னும் இரண்டு. கோதண்டம் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கைகொடுத்தான். அவனுக்குப் பின்னால் வேட்டி விரித்துத் தயாராக இருந்தது.

“துணியத் தூக்கி எறிடா!” என்று கத்தினேன். பத்து வருடத்தில் அவனை நான் ‘டா’ போட்டதில்லை. “அழுத்து! நான் ஊதறேன், நீ அழுத்து!”

கூட்டம் சுற்றிக்கொண்டது. “செத்தவனப் போட்டு ஏன்யா இடிக்கிறீங்க? வுட்டுடுங்கய்யா” என்று ஒரு பெரியவர் அழுதார். ஒருத்தர் என் தோளைப் பிடித்து இழுத்தார். அவர் கெட்ட எண்ணத்தில் இழுக்கவில்லை. ஒரு வருடத்துக்கு முன்னால் நானே அப்படித்தான் இழுத்திருப்பேன். முழங்கையால் தள்ளிவிட்டேன். முப்பது, இரண்டு. முப்பது, இரண்டு. கோதண்டம் ஓய்ந்ததும் நான் அழுத்தினேன். நெஞ்சில் ஒரு எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. நிறுத்தவில்லை.

எத்தனை சுற்று என்று தெரியாது. ஆம்புலன்ஸ் சத்தம் தெருமுனையில் கேட்டபோது நசீரின் வாயிலிருந்து பச்சைத் தண்ணீர் குபுக்கென்று வந்தது. இருமினான். மறுபடியும் இருமினான்.

கோதண்டம் என்னைக் கட்டிக்கொண்டு, “அண்ணே, பொழச்சிட்டாண்ணே! ஐயோ, பொழச்சிட்டாண்ணே!” என்று குழந்தை மாதிரி அழுதான். ஊரே கத்தியது. யாரோ என் நெற்றியில் விபூதி பூசினார்கள்.

நான் வாட்சைப் பார்த்தேன். அவனைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்தபோது ஒரு தடவை பார்த்திருந்தேன், மறுபடியும் சரிபார்த்துக்கொண்டேன். எட்டு நிமிடம் அவன் உள்ளே இருந்திருக்கிறான். மண்டபத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். கோதண்டம் தேடிக்கொண்டு வந்தான். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கும் உறைத்துவிட்டது. அவனும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நசீர் கண் திறந்து, பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டானாம்.

தேன்மொழி ஆறு நிமிடம்.

ஆகஸ்ட் 9, சனி

பேப்பரில் போட்டோவோடு வந்திருக்கிறது. ‘எட்டு நிமிடம் நீரில் மூழ்கியவரை உயிருடன் மீட்ட வீரர்.’ எவா போன் செய்து கத்தினாள். தில்லைநாயகி அம்மாளும் போன் செய்தார். மேலதிகாரிகள் எல்லாரும் கூப்பிட்டார்கள். பதக்கத்துக்குச் சிபாரிசு செய்கிறார்களாம்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேணி தட்டை எடுத்துக்கொண்டு போகாமல் எதிரிலேயே உட்கார்ந்தாள். “ஒரு உசுரக் காப்பாத்திட்டு வந்து எழவு வூட்டு ஆளு மாதிரி ஒக்காந்துகினு இருக்க. இன்னான்னு சொல்லு” என்றாள்.

சொன்னேன், முழுவதையும். ஆறு நிமிடத்தில் எடுத்ததை, முகத்தைக்கூடப் பார்க்காமல் முடிச்சுப் போட்டதை, மூச்சு இருக்கிறதா என்று யாருமே பார்க்காமல் துணியைப் போட்டதை, ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆனதை, அதுவரை அந்தத் துணிக்குப் பக்கத்தில் நான் கை கட்டி மரியாதையாக நின்றதை.

அவள் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு, “நீ வேணும்னா பண்ண?” என்றாள்.

“இல்ல.”

“அப்ப வுடு.”

“விட முடியல வேணி.”

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலை பத்து மணிக்குத் தேன்மொழியின் அப்பா நிலையத்துக்கு வந்தார். அரிகிருஷ்ணன், கொத்தனார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு சால்வை, அரை டஜன் ஆப்பிள். பேப்பரைப் படித்துவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்.

“தம்பி, பாத்ததும் மனசு கேக்கலிங்க. எம் பொண்ணுக்கும் நீங்கதான இறங்கினீங்க. அவளுக்கு ஆயுசு அவ்ளோதான், நீங்க இன்னா பண்ணுவீங்க? இருபது நிமிஷம் ஆயிட்ச்சே. இந்தப் பையனாவது சீக்கிரம் கெடச்சானே, அந்தப் புள்ளைக்கு அப்பன் இருக்கானே. அதான் ஒரு சால்வ போத்தலாம்னு வந்தேன்.”

சால்வையைப் பிரித்தார். நிலையத்தில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஒருத்தன் போட்டோ எடுக்கப் போனைத் தூக்கினான். கோதண்டம் மட்டும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். வேண்டாம், சொல்லாதே என்று.

நான் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். “ஐயா, போத்தாதீங்க. இருபது நிமிஷம் இல்லிங்க. ஆறு. ஆறு நிமிஷத்துல எடுத்துட்டேன். மூச்சு இருக்குதான்னு பாக்கல. நெஞ்ச அழுத்தல. ஒண்ணுமே பண்ணல. பொணம்னு நெனச்சித் துணியப் போட்டுட்டேன். இருபதுன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். பிரித்த சால்வை மடியில் கிடந்தது. நிலைய அலுவலர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவர் குடிக்கவில்லை.

“ஆறா?” என்றார்.

“ஆமாங்க.”

மடியில் கிடந்த சால்வையை மடித்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். குரல் உயரவே இல்லை.

“அன்னிக்கி துணிக்கு வெளிய அவ காலு தெரிஞ்சிதுங்க. நான் தொட்டுப் பாத்தேன். சூடா இருக்குதுங்கன்னு உங்ககிட்டதான் சொன்னேன். வெயில்ல பாறை சூடுய்யா, அதான் அப்படின்னு சொல்லி, என் கைய எடுத்துவுட்டீங்க. ஞாபகம் இருக்குதா?”

“இருக்குதுங்க” என்றேன்.